எலும்புக்குள் உறங்குபவை

பெங்களூரு
9 ஜூன் 2024

அன்புள்ள மதினிக்கு,

ஆஷா எழுதுகிறேன். நான் அழைத்தால் உங்கள் போன் ஒரு முறை அடித்து நின்றுவிடுகிறது. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். அண்ணனை அழைத்து உங்களைப் பற்றிக் கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசுகிறான். வேறு வழி தெரியாமல் தாளை எடுத்தேன்.

ஆமாம், அவனிடம் சொன்னது நான்தான். ஏப்ரலிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். அன்று மாலையே அவனிடம் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மேலே எழுதி, அடித்துவிட்டேன், பார்த்திருப்பீர்கள். பொய்யாக மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் சொல்லத்தான் செய்வேன்.

நான் ஏன் இப்படிப் பதறினேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆராய்ச்சி என்கிறாயே, அப்படி என்னதான் செய்கிறாய் என்று ஒரு பொங்கலுக்குக் கேட்டீர்கள். செல்களை வளர்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எந்தச் செல்கள் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. உங்களுக்கு வந்த அதே ரத்தப் புற்றுநோயின் செல்கள்தான் மதினி.

அவற்றைத் தனியாக ஒரு கண்ணாடித் தட்டில் போட்டு மருந்தை ஊற்றினால் சில நாட்களில் செத்துவிடும். நன்றாகவே சாகும். இன்னொரு தட்டில், எலும்பு மஜ்ஜையில் இயல்பாக இருக்கும் மற்றச் செல்களை முதலில் பாய் விரித்ததுபோல் வளர்த்துவிட்டு, அதன்மேல் இவற்றைப் போடுவோம். அதே மருந்து, அதே அளவு. ஆனால் இங்கே எல்லாம் சாவதில்லை. சில அந்தப் பாய்க்கு அடியில் நழுவிப் போய்விடும். மேலே மிதப்பவை நுண்ணோக்கியில் பளபளவென்று தெரியும். அடியில் போனவை மங்கலாக, கூழாங்கற்களை அடுக்கினாற்போல் ஒட்டி ஒட்டிக் கிடக்கும். பக்கத்துச் செல்கள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாகாமல் இருக்கச் சொல்லும் பொருட்களைச் சுரந்து கொடுக்கின்றன. தூங்கவும் வைக்கின்றன. தூங்குவதை மருந்து அவ்வளவாகத் தொடுவதில்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு வருடமாக 'காணப்படவில்லை' என்று வருகிறது. அது ரத்தத்தில் பார்த்தது. எலும்புக்குள் என்ன தூங்குகிறது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

ஆஷா


திருப்பூர்
23 ஜூன் 2024

ஆஷாவுக்கு,

திட்டச் சொன்னாய். திட்டத்தான் போகிறேன்.

உன் அண்ணன் அன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா? வேலையை விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைக் குடைந்தார். பிரிக்காத மாத்திரை அட்டைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, குழந்தைக்கு நீட்டுவதுபோல் என் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். ஒரே வெட்டில் நூறு பனியன் துணியை அடுக்கி அறுக்கிற கட்டிங் மாஸ்டர் கை அது. நான் வாயைத் திறக்கவில்லை.

சத்தமே இல்லாத சண்டைக்கும் வீட்டுக்காரம்மா சாமியாத்தாள் வந்துவிட்டார். "ஏன் கண்ணு, ஊட்டுல என்ன, ரெண்டு பேரும் மொகத்தத் தூக்கி வெச்சிருக்கறீங்க?" என்றார். ஒன்றுமில்லீங்க என்றேன். ஒரு அறை வீட்டில் எதைத்தான் மறைப்பது? உன்னிடம் ஒன்றைச் சொல்லி வைத்தேன். அதுவும் போயிற்று.

ஐந்து வருடம் அந்த மாத்திரையைத் தின்றேன் ஆஷா. காலையில் கண் இரண்டும் வீங்கி, கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ நிற்பாள். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும்போது கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். பக்கத்தில் நிற்பவள் குனிந்து தேய்த்து விடுவாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதைச் சாப்பிடும்வரை பிள்ளை உண்டாகக் கூடாது என்றார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு முப்பத்துமூன்று. பிள்ளை வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன் அண்ணனோ வேண்டவே வேண்டாம் என்கிறார். கேட்பது நான்தான். எனக்குத்தான் வேண்டும்.

நன்றாக இருப்பவர்களில் சிலர் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்திப் பார்ப்பதுண்டு என்று கோயம்புத்தூர் டாக்டரம்மாவே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் அவர்களிடம் போய்க் கேட்டிருந்தால் உன் அண்ணனையும் கூட்டி வரச் சொல்லியிருப்பார்கள். அவர் சம்மதிக்க மாட்டார். அதனால் நானே நிறுத்தினேன்.

இப்போது நீ செய்ததைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு என் உடம்பைத் தொடவே பயமாக இருக்கிறது. டேபிளில் தைத்து வந்த பனியன் பீஸைப் பிரித்து ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். திடீரென்று கை முழங்கால் எலும்புக்குப் போகும். இதற்குள்ளே கிடக்குமோ? இடுப்பிலோ? பார்த்துப் பார்த்து அனுப்பிய பீஸே குறையோடு திரும்பி வருவதுண்டு. எனக்குத் தெரியாதா, பார்த்தவர் கண்ணுக்குப் படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை என்று? தெரிந்துதான், அதை நினைக்காமல் இருந்தேன். நீ நினைக்க வைத்துவிட்டாய்.

பக்கத்துச் செல்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்துச் செல்கள் யார்? அதுவும் நான்தானே? என் எலும்பே என்னைக் கொல்ல வந்ததைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறதா?

உன் தட்டில் கிடப்பது யாருடைய மஜ்ஜை? அதைச் சொல்.

விஜயராணி


பெங்களூரு
7 ஜூலை 2024

அன்புள்ள மதினிக்கு,

யாருடையது என்று எனக்குத் தெரியாது. நோயாளிகள் சம்மதித்துக் கொடுப்பது. பெயர் எங்களுக்கு வராது, ஒரு எண்தான் வரும். உங்கள் கடிதத்துக்குப் பிறகு தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இவர் இப்போது எங்கே இருப்பார் என்று தோன்றுகிறது. இருக்கிறாரா என்றும்.

நீங்கள் கேட்டது சரி. பக்கத்துச் செல்களும் நீங்கள்தான். அவற்றுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நல்ல ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச் செல்களைப் பிடித்து வைப்பதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும்தான் அவற்றின் பிறவி வேலை. அது இல்லாவிட்டால் நாம் யாரும் உயிரோடு இருக்க முடியாது. வந்திருப்பது யார் என்று அவற்றுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. போகப் போகப் புற்றுநோய்ச் செல்கள் அவற்றைத் தங்கள் வசதிக்கு மாற்றியும் விடுகின்றன. நல்ல செல்களுக்கு இடம் குறைந்து, இவற்றுக்கு இடம் கூடுகிறது.

போன கடிதத்தில் பயத்தில் பாதியைத்தான் எழுதினேன். மீதியையும் எழுதுகிறேன். உங்களைப்போல் பல வருடம் மாத்திரை சாப்பிட்டு, நீண்ட நாள் சுத்தமாக இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிறுத்திய பிறகும் நோய் திரும்பி வருவதில்லை. தூங்குபவை தூங்கிக்கொண்டே இருக்கின்றனவா, இல்லை உடம்பு அவற்றைக் காவல் காக்கிறதா, யாருக்கும் முழுதாகத் தெரியாது. திரும்பி வருகிற மற்றப் பாதிப் பேருக்கும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வருகிறது. அதனால்தான் மாதாமாதம் ரத்தம் பார்ப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்து மாத்திரையைத் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் மறுபடி அடங்கிவிடுகிறது.

நீங்கள் நிறுத்திய பிறகு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் அதில்தான். உங்கள் ஆசை மேல் எனக்குக் கோபம் இல்லை மதினி. போய் டாக்டரிடம் சொல்லுங்கள். காலில் விழுகிறேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

ஆஷா


திருப்பூர்
25 ஆகஸ்ட் 2024

ஆஷா,

போனேன். ஜூலையிலேயே போய்விட்டேன். உடனே எழுதவில்லை. உனக்கு உடனே எழுதினால் உன் பேச்சைக் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

உன் அண்ணனும் வந்தார். கோயம்புத்தூரில் டாக்டர் சித்ராதேவி நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "நிறுத்தறது வேற விஜயராணி. மறைச்சு நிறுத்தறது வேற. எங்கிட்டச் சொல்லிட்டு நிறுத்தியிருந்தா மாசாமாசம் பாத்திருப்பேனுங்களா இல்லீங்களா?" என்று கேட்டார். அவர்கள் கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். எனக்கு அதில்தான் கூடுதலாகக் கூசியது.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. மாதம் தவறாமல் வர வேண்டும், இன்னும் கொஞ்ச காலம் பிள்ளைப் பேச்சே வேண்டாம், ஒரு வருடமாவது பார்ப்போம் என்றார். உன் அண்ணன் பெரிய ஒரு பாறையை இறக்கி வைத்தவர் மாதிரி வெளியே வந்து, பேருந்து நிலையத்தில் எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஊர் திரும்பினோம்.

அதன் பலன்தான் இப்போது எழுதப் போவது.

நாள் தள்ளிப் போயிற்று. மருந்துக்கடையில் வாங்கிப் பார்த்தேன். கம்பெனி கழிப்பறையில் நின்று பார்த்தேன். இரண்டு கோடு. வெளியே மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் நான் சிரித்ததும் கேட்டிருக்காது, அழுததும் கேட்டிருக்காது.

இவ்வளவு நாள் ஆசைப்பட்டது வந்துவிட்டது. வந்த நிமிடத்திலிருந்து ஒரே நடுக்கம். உள்ளே ஒன்று வளரத் தொடங்கியிருக்கிறது. இன்னொன்றும் கூடவே விழித்துக்கொண்டால்? இரண்டுக்கும் ஒரே உடம்புதானே சோறு போடும்?

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. போனில் பேசலாம், உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் இந்த வீட்டில் நான் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். குரலைக் கேட்டால் அழுதும் விடுவேன். எழுது.

விஜயராணி


பெங்களூரு
1 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

சொல்ல மாட்டேன். நேற்று அண்ணன் அழைத்தான். "உம் மதினி சாப்பாட்டக் கண்டா மொகத்தச் சுளிக்கா. ஒனக்கு எதும் தெரியுமா?" என்று கேட்டான். எங்கள் விடுதியில் தண்ணீர் வராததைப் பற்றி வெகுநேரம் பேசினேன். அவன் நம்பவில்லை. ஆனால் நான் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் முதலில், அண்ணனிடம் அடுத்து. மாத்திரை உடம்பில் இல்லாத நேரத்தில் கரு உண்டானதால் மருந்தால் குழந்தைக்குக் கெடுதல் என்ற கவலை இல்லை. இது நிச்சயம்.

விழித்துக்கொள்ளுமா என்று கேட்டீர்கள். பிள்ளை உண்டாவதால் இந்த நோய் விழிக்கும் என்று தெளிவாக எவரும் காட்டியதில்லை. அது தன் கணக்கில் விழிக்கலாம், விழிக்காமலும் இருக்கலாம். நான் படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு வரிக்குத்தான் உதவுகிறது. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆஷா


திருப்பூர்
13 அக்டோபர் 2024

ஆஷா,

விழித்துவிட்டது.

செப்டம்பரில் பார்த்தபோது லேசாகத் தலைகாட்டியது. அக்டோபரில் டாக்டர் வைத்திருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. வெள்ளை அணு, சிவப்பு அணு எல்லாம் இன்னும் சரியாகத்தான் இருக்கிறதாம். எனக்கும் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. நன்றாக நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். அதுதான் பயமே. ஒரு வலி இருந்தால் வலிக்கிறது என்று சொல்லலாம். இது சத்தமில்லாமல் ஏறுகிறது.

உன் அண்ணனிடம் பிள்ளையைப் பற்றிச் சொன்னது செப்டம்பரில். கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பல்லடம் பஸ்ஸில் ஏறி, பல்லடத்தில் இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாராம். கண்டக்டர் என்னண்ணா என்று கேட்டதற்கு, தெரியலப்பா என்றாராம். வந்து என் காலருகில் உட்கார்ந்து, "சரி. என்ன சாப்பிடணும்னு தோணுது?" என்றார். அப்போது ரிப்போர்ட் வரவில்லை.

ரிப்போர்ட் வந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. டாக்டர் அறையிலேயே அழுதார். "எனக்குப் புள்ள வேண்டாம்மா. கலைச்சிருங்க. இவ மாத்திரையப் போடட்டும்" என்றார். டாக்டர் அவரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். கலைத்துவிட்டு மாத்திரையைத் தொடங்குவது ஒரு வழி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்த மாத்திரை கொடுக்க மாட்டார்கள். ஆனால் வேறு ஒரு ஊசி இருக்கிறது. பிள்ளைக்குக் கெடுதல் இல்லாதது. மாத்திரை அளவுக்கு வேலை செய்யாது, ஏறுவதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம். நிற்காமல் போனால் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டிவரும். "எது சரின்னு நான் சொல்ல மாட்டேனுங்க. ஒங்க ரெண்டு பேர் முடிவு" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணன், "ஏட்டி, நீ இருந்தாப் போதும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்கிறார். திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். அவர் சொல்வது தப்பில்லை. அவரைப் பார்த்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. ஆனால் ஸ்கேனில் அதன் நெஞ்சு துடித்ததைப் பார்த்துவிட்டேன் ஆஷா. கேட்டும்விட்டேன்.

நீ சொல். என்னை ஒரு நோயாளி எண்ணாகப் பார்க்காமல் சொல்.

விஜயராணி


பெங்களூரு
17 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் தட்டுகளைப் பார்க்க வேண்டிய நாள். உள்ளே போக முடியவில்லை. கூட வேலை செய்யும் பெண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பேராசிரியரிடம் உங்கள் பெயர் சொல்லாமல் கேட்டேன். டாக்டர் சித்ராதேவி சொன்னதையேதான் அவரும் சொன்னார். இந்த நிலையில், ரத்த அணுக்கள் சரியாக இருக்கும்போது, ஊசியோடு காத்திருந்து பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். பிறகு மாத்திரையைத் தொடங்கி அடங்கியவர்களும் இருக்கிறார்கள். அடங்காமல் போனவர்கள் உண்டா என்று கேட்டேன். அவர், "மிகக் குறைவு. ஆனால் உண்டு" என்றார். உங்களுக்குப் பாதியை மறைத்து எழுதுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டதால் அதையும் எழுதுகிறேன்.

நான் என்ன சொல்வேன் என்று கேட்டீர்கள். ஒரு நிமிடம் அண்ணன் பக்கம் நிற்கிறேன். அடுத்த நிமிடம் உங்கள் பக்கம். எனக்கு நீங்கள் வேண்டும், அது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. அதனால் என் வார்த்தையை நம்பி முடிவெடுக்காதீர்கள். பயந்தவள் வார்த்தை அது.

நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் நான் உங்களோடு வருவேன். அண்ணனிடமும் அதைச் சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டான். பிறகு, "ஊசிய நானே போடப் படிச்சுக்கலாமா?" என்று கேட்டான்.

ஆஷா


திருப்பூர்
19 ஜனவரி 2025

ஆஷா,

ஊசி போடுவது உன் அண்ணன்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். முதல் தடவை அவருக்குத்தான் வியர்த்தது. இப்போது தொடையைத் தட்டிப் பார்த்து, மூச்சை அடக்கி, ஒரே குத்து. போட்ட பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஊசி போட்ட அன்றெல்லாம் குளிரும் காய்ச்சலும். போர்வைக்குள் பல் கிட்டிக்கும். சாமியாத்தாள் வெந்நீர்ப் பையோடு வந்து உட்கார்ந்துகொள்வார். என்ன நோய் என்று இதுவரை கேட்கவில்லை. "ஒண்ணும் ஆவாது சாமி, ஒண்ணும் ஆவாது" என்று மட்டும் சொல்வார். அவருக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்த நேரத்தில் யாராவது அப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலையை விட்டுவிட்டேன். பஞ்சுத் தூசியில் நிற்க வேண்டாம் என்றார்கள்.

ரிப்போர்ட்டில் நோயைக் காட்டும் எண் ஏறுவது நின்றிருக்கிறது. இறங்கவில்லை, ஏறவில்லை. ரிப்போர்ட் வரும் நாள் நெருங்கினால் உன் அண்ணன் சாப்பிடுவதில்லை. நான் சாப்பிட்டே ஆக வேண்டும். இவள் உள்ளே உதைக்கிறாள். இவள் என்று எழுதிவிட்டேன், அவனாகவும் இருக்கலாம்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. உதைக்கும்போது சந்தோஷப்படுவதற்கு முன்னால் பயம்தான் முதலில் வருகிறது. உள்ளே எது அசைந்தாலும் அதுவோ என்றுதான் நினைக்கிறேன்.

விஜயராணி


திருப்பூர்
8 ஏப்ரல் 2025

ஆஷா,

பெண். போனில் உன் அண்ணன் சொல்லியிருப்பார், அழுதிருப்பார். எடை சரியாக இருக்கிறது. அழுகைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கடைசியாகப் பார்த்த எண் கொஞ்சம் கூடியிருக்கிறது. கொஞ்சம்தான் என்கிறார் டாக்டர். கடைசி மாதம் ஊசியை நிறுத்தி வைத்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை மறுபடி மாத்திரை. தொடங்கிவிட்டால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. அதுவரை கொடுக்கலாம் என்று அனுமதித்திருக்கிறார். இவள் அதைத் தெரிந்துகொண்டவள் மாதிரி விடாமல் குடிக்கிறாள். திங்கட்கிழமையை நினைத்தால் மார்பு கனத்து வலிக்கிறது.

மாத்திரை முன்புபோல் கேட்குமா? அதை நான் உன்னிடம் கேட்கவில்லை. நீ பாதிப்பேர், முக்கால்வாசிப் பேர் என்று எழுதுவாய்.

வேறு ஒன்று கேட்க வேண்டும். டாக்டரிடம் கேட்க வாய் எழவில்லை. உன் அண்ணனிடம் கேட்டால் உடைந்துபோவார். இவளைக் குளிப்பாட்டும்போது கால் எலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது, தீக்குச்சி மாதிரி. என் ரத்தத்தில்தானே இத்தனை மாதம் கிடந்தாள்? என்னிடமிருந்து அது இவளுக்குள் போய்ப் படுத்திருக்குமா? நான் ஆசைப்பட்டு இவளைக் கொண்டுவந்து இவளுக்கு அதையும் கொடுத்துவிட்டேனா?

சுற்றி வளைக்காமல் எழுது. இதைக் கேட்காமல் இவளை முத்தமிட முடியவில்லை.

விஜயராணி


பெங்களூரு
10 ஏப்ரல் 2025

மதினி,

இல்லை.

இந்த நோய் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதில்லை. பிறவியில் வருவதும் இல்லை. பேராசிரியரிடம் கேட்டேன், டாக்டர் சித்ராதேவியையும் போனில் பிடித்துக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். ஒரு வருடமாக நீங்கள் கேட்டதற்கெல்லாம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றே எழுதியிருக்கிறேன். இதற்கு அப்படி எழுத வேண்டியதில்லை. முத்தமிடுங்கள்.

அஞ்சலில் போனால் தாமதமாகும் என்று இந்தக் கடிதத்தைப் படம் எடுத்தும் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். திங்கட்கிழமை நீங்கள் மாத்திரை போடும்போது அவளை நான் வைத்துக்கொள்கிறேன். அழுதால் அழட்டும், புட்டிப்பால் நான் கொடுக்கிறேன். நீங்கள் அடுத்த அறைக்குப் போக வேண்டாம், அங்கே அடுத்த அறையும் கிடையாது. அவளுக்கு எதிரிலேயே போடுங்கள்.

அவளுக்காக இனி எனக்குப் பயம் இல்லை மதினி. உங்களுக்காக இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

ஆஷா